மனித இயல்பில் பொது அறச்சட்டம் உண்டா? ஆய்வுகள் எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டவில்லை

மனித இயல்பிலேயே எல்லோருக்கும் பொதுவான அறச்சட்டம் ஒன்று பதிந்திருக்கிறதா? இதற்கு ஆம் என்பவரும் இல்லை என்பவரும் பெரும்பாலும் மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். எல்லாச் சமூகங்களும் நல்லது என்று மதிக்கும் செயல்கள் உண்டா என்பது ஒன்று. உண்டென்றால் அந்த மதிப்பு பிறவியோடு வருவதா, வளர்ப்பில் வருவதா என்பது இன்னொன்று. எல்லோரிடமும் இருக்கிறது என்பதாலேயே நான் அதற்குக் கட்டுப்பட வேண்டுமா என்பது மூன்றாவது. முதலாவதற்குச் சான்று வலுவாகவே இருக்கிறது. இரண்டாவதில் 2010 வாக்கில் ஆய்வாளர்களிடம் இருந்த தெம்பு இன்று இல்லை. மூன்றாவதை எந்த ஆய்வுக்கூடமும் தீர்த்துவைக்க முடியாது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதர்களுக்குப் பொதுவாக இருப்பவை சில அக்கறைகள். உறவுகளைக் காப்பது, உதவியவருக்குத் திரும்பச் செய்வது, பங்கில் நியாயம் பார்ப்பது, நம்பியவரை ஏமாற்றாமல் இருப்பது போன்றவை. ஓர் அக்கறை சட்டமாக வேண்டுமானால் இன்னும் இரண்டு வேண்டும். யாரெல்லாம் அதற்குள் வருவார்கள் என்ற எல்லை ஒன்று. இரண்டு அக்கறைகள் மோதும்போது எது முந்தும் என்ற வரிசை மற்றொன்று. இவை இரண்டும் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறுகின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே வரும் ஆய்வுகளைப் படித்தால், ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிபவை பலவும் பொருந்தி வரும்.

அறவிதிகள் மனித இயல்பிலேயே பதிந்திருக்கின்றன என்ற இயற்கைச் சட்டக் கோட்பாட்டை மிக விரிவாகக் கட்டியவர் 13-ஆம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ். நல்லதைச் செய்ய வேண்டும், தீயதை விலக்க வேண்டும் என்பது அவருடைய முதல் விதி. அது எல்லோருக்கும் பொது. ஆனால் அதிலிருந்து குறிப்பான விதிகளுக்கு இறங்க இறங்க விலக்குகள் கூடும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அடைக்கலமாக வைத்த பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. அதைக் கேட்பவன் தாய்நாட்டை எதிர்த்துப் போரிட அதைப் பயன்படுத்தப் போகிறான் என்றால் தரக்கூடாது. இன்னொரு சங்கடமான எடுத்துக்காட்டையும் அவர் மறைக்கவில்லை. திருட்டை ஜெர்மானியர் ஒரு காலத்தில் தவறாகக் கருதவில்லை என்று ஜூலியஸ் சீசர் எழுதியிருப்பதைச் சுட்டி, தீய பழக்கம் அவர்களுடைய பகுத்தறிவைக் கெடுத்துவிட்டது என்று விளக்கம் சொல்கிறார்.

சீசர் எழுதியதையே எடுத்துப் பார்த்தால் செய்தி வேறு. கால் (Gaul, இன்றைய பிரான்சுப் பகுதி) நாட்டுப் போர் பற்றிய குறிப்புகளின் ஆறாம் பகுதியில் அவர் சொல்வது, தங்கள் குலத்தின் எல்லைக்கு வெளியே நடத்தும் கொள்ளையில் ஜெர்மானியருக்கு இழுக்கு இல்லை என்பதுதான். இளைஞர்களுக்குப் பயிற்சி, சோம்பலுக்கு மருந்து என்று அதை அவர்கள் நியாயப்படுத்தினார்களாம். ஆக, திருட்டு தவறு என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. யாரிடமிருந்து என்பதில்தான் வேறுபாடு. அக்வினாஸ் தேடிய விளக்கமே தேவையில்லாமல் போகிறது. பண்பாட்டுக்குப் பண்பாடு அறம் மாறும் என்பதற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டுகளில் கணிசமானவை இப்படித்தான்: அக்கறை இருக்கும், அதைச் சுற்றிய வேலி இடம் மாறியிருக்கும்.

இதைப் பெரிய அளவில் சோதித்தவர்கள் ஆலிவர் ஸ்காட் கரி, டேனியல் மல்லின்ஸ், ஹார்வி வைட்ஹவுஸ் ஆகியோர். 2019-ல் வெளியான அவர்களுடைய ஆய்வு 60 சமூகங்களின் வாழ்க்கைமுறையை மானிடவியலாளர்கள் விவரித்து எழுதிய இனவரைவியல் பதிவுகளை எடுத்துக்கொண்டது. ஏழு செயல்களைத் தேடினார்கள்: உறவுக்கு உதவுதல், குழுவுக்கு உதவுதல், கைம்மாறு செய்தல், வீரம், மேலோருக்குப் பணிதல், பூசலுக்குரிய பொருளை நியாயமாகப் பங்கிடுதல், முன்பே ஒருவர் கையில் இருப்பதை மதித்தல். இவற்றைப் பற்றிய அறத் தீர்ப்பு 962 இடங்களில் கிடைத்தது. 961 இடங்களில் அது பாராட்டு. விலக்கு ஒன்றே ஒன்று. மைக்ரோனேசியாவின் சூக் தீவில், பிறர் பொருளை வெளிப்படையாக எடுத்துக்கொள்வது ஒருவன் யாருக்கும் அஞ்சாதவன் என்பதைக் காட்டுவதால் அதற்கு மதிப்பு இருந்தது. அங்கேயும் ஏழில் ஒன்று (வீரம்) இன்னொன்றை (உடைமை) முந்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் 961 என்ற எண்ணை வைத்துக்கொண்டு மிகையாகப் பேசக்கூடாது. ஏழு செயல்களுக்கும் அறுபது சமூகத்திலும் குறிப்பு கிடைக்கவில்லை. குறிப்பு எழுதியவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் கவனித்ததும் எழுதியதும்தான் தரவு. மேலும், ஒரு செயல் நல்லது என்று கருதப்படுகிறதா என்பதை மட்டுமே இந்த முறை அளக்கும். எவ்வளவு நல்லது, எதைவிட நல்லது என்பதை அளக்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏழில் ஒன்று மேலோருக்குப் பணிவது. பொது அறத்தைக் கொண்டாடுபவர்கள் இந்த ஒன்றை மட்டும் மெல்ல விழுங்கிவிடுவது வழக்கம்.

அறமே இல்லாத சமூகம் ஒன்று இருக்கிறதே என்று எதிர்த்தரப்பு நெடுங்காலம் காட்டிவந்தது உகாண்டாவின் வடகிழக்கு மலைகளில் வாழும் இக் மக்களை. 1960-களின் நடுவில் அங்கே தங்கியிருந்த மானிடவியலாளர் காலின் டர்ன்புல், பெற்றோர் பிள்ளைகளைக் கைவிடுவதையும் முதியவர் வாயிலிருந்து உணவைப் பறிப்பதையும் 1972-ல் எழுதினார். அந்தச் சமூகத்தையே சிறு சிறு குழுக்களாகப் பிரித்துவிடலாம் என்று அரசுக்குப் பரிந்துரைக்கும் அளவுக்குப் போனார். அவர் பார்த்தது கடும் பஞ்ச காலம். 1980-களில் பெர்ண்ட் ஹைனே என்ற மொழியியலாளர் அங்கே சென்று, டர்ன்புல்லின் விவரங்களில் பலவற்றை மறுத்தார். பின்னர் கேத்ரின் டவுன்செண்டும் சகாக்களும் பணப் பங்கீட்டுச் சோதனைகள் நடத்தி 2020-ல் முடிவை வெளியிட்டபோது, இக் மக்களின் கொடைக்குணம் மற்றச் சமூகங்களைவிடக் குறைவாக இல்லை. பட்டினியில் சாகும் மனிதர்களைப் பார்த்து ஒரு மக்களின் இயல்பு இதுதான் என்று எழுதியது மானிடவியல் செய்த மோசமான தவறுகளில் ஒன்று.

இந்தத் துறையில் மிக வளமான தரவு தருவது இறுதி முன்மொழிவு விளையாட்டு. நடத்தும் முறை எளிது. ஒருவரையொருவர் அறியாத இருவர். முதலாமவருக்கு ஒரு தொகை, வழக்கமாக ஒரு நாள் கூலி அளவு அல்லது அதற்கு மேல், தரப்படும். அதில் இவ்வளவு உனக்கு என்று அவர் ஒரே ஒரு முறை சொல்லலாம். இரண்டாமவர் ஏற்றால் அப்படியே பங்கு. மறுத்தால் இருவருக்கும் ஒன்றும் இல்லை. பேரம் கிடையாது, இரண்டாம் சுற்று கிடையாது. தன்னலம் மட்டுமே மனித இயல்பென்றால், முதலாமவர் மிகச் சிறிய தொகையைச் சொல்வார். ஒன்றுமில்லாததற்கு அதுவாவது கிடைத்ததே என்று இரண்டாமவர் வாங்கிக்கொள்வார்.

1982-ல் வெர்னர் கியூத்தும் சகாக்களும் ஜெர்மனியில் இதை நடத்திப் பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. அதன் பிறகு தொழில்வள நாடுகளின் பல்கலைக்கழகங்களில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு: முன்மொழிவு சராசரியாக 40 முதல் 50 சதவீதம், 20 சதவீதத்துக்குக் கீழே சொன்னால் ஏறக்குறைய பாதிப் பேர் மறுத்துவிடுவார்கள். அநியாயத்தைத் தண்டிக்கக் கைக்காசை இழக்கவும் மனிதன் தயார், இது மனித இயல்பு என்று பத்துப் பதினைந்து ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

1990-களின் நடுவில் ஜோசப் ஹென்ரிக் இதே விளையாட்டைப் பெருவின் அமேசான் காட்டில் வாழும் மாச்சிகெங்கா மக்களிடம் கொண்டுபோனார். சராசரி முன்மொழிவு 26 சதவீதம். அதிகம் பேர் சொன்னது 15 சதவீதம். 21 முன்மொழிவுகளில் மறுக்கப்பட்டது ஒன்றே ஒன்று. அநியாயம் நடந்துவிட்டதாக வாங்கியவர்கள் நினைக்கவில்லை. முதலாமவர் இடம் தமக்கு வாய்க்காதது தம் துரதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டார்கள். குடும்பத்துக்கு அப்பால் கூட்டு வேலையோ சந்தைப் பழக்கமோ அதிகம் இல்லாத வாழ்க்கை அவர்களுடையது.

இதன் பிறகு 15 சிறு சமூகங்களில் இந்த விளையாட்டு நடத்தப்பட்டு 2001-ல் முடிவுகள் வந்தன. இந்தோனேசியாவின் லாமலேரா ஊரில் சராசரி பாதிக்கு மேல், 57 சதவீதத்துக்கும் சற்று அதிகம். அது திமிங்கிலம் பிடிக்கும் ஊர். ஒரு படகுக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் வேண்டும். பிடிபட்ட திமிங்கிலத்தின் எந்தப் பகுதி ஈட்டி எறிந்தவருக்கு, எது படகு கட்டிய தச்சருக்கு, எது பாய் நெய்தவருக்கு என்று வரையறை உண்டு. தான்சானியாவின் ஹாட்சா வேட்டையாடிகள் குறைவாகவும் சொன்னார்கள், அடிக்கடி மறுக்கவும் செய்தார்கள். பப்புவா நியூகினியின் அவு, ஞாவ் மக்களிடம் நடந்தது வெளியாரைத் திகைக்க வைத்தது: பாதிக்கு மேல் தருகிறேன் என்ற தாராளத்தையும் மறுத்தவர்கள் இருந்தார்கள். அங்கே பெரிய கொடையை வாங்கினால் கொடுத்தவருக்குக் கடன்பட்டவர் ஆகிவிடுவீர்கள். அவர் எப்போது எதைக் கேட்பார் என்று தெரியாது. ஒரு சமூகத்தில் சந்தைப் பரிமாற்றம் எவ்வளவு கலந்திருக்கிறது, பிழைப்புக்குக் குடும்பத்தைத் தாண்டிய கூட்டுழைப்பு எவ்வளவு தேவை என்ற இரண்டும் சமூகங்களுக்கு இடையிலான வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்கின. வயது, பால், செல்வம் போன்ற தனிநபர் விவரங்கள் அவ்வளவாக விளக்கவில்லை.

இதில் பொதுவானது எது? பதினைந்தில் ஒரு சமூகம்கூடப் பாடப்புத்தகத் தன்னலக்காரனைப் போல நடந்துகொள்ளவில்லை. பணம் என்பதையும் தாண்டி, கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் ஒரு முறை உண்டு என்று எல்லா ஊரிலும் பார்த்தார்கள். அந்த முறை எது என்பது மட்டும் அந்தந்த ஊரிலிருந்து வந்தது. இந்த வகைச் சோதனை எங்கே சறுக்கும் என்பதும் இங்கேயே தெரிகிறது. ஆடுபவர்கள் அதை வெறும் விளையாட்டாகப் பார்ப்பதில்லை. தங்கள் ஊர் வழக்கம் எதையாவது அதில் அடையாளம் காண்கிறார்கள். கென்யாவின் ஒர்மா மக்கள், பொதுநிதிக்கு ஆளுக்குக் கொஞ்சம் போடும் வேறொரு சோதனையைக் கேட்டதுமே "இது ஹரம்பே" என்றார்கள். பள்ளிக்கூடம் கட்டவும் பிற பொதுவேலைக்கும் ஊர் கூடிப் பணம் திரட்டும் வழக்கத்துக்கு அங்கே அதுதான் பெயர். அதற்குத் தக்கபடி தாராளமாகப் போட்டார்கள். ஆகவே ஒரு நாட்டில் ஒரு விளையாட்டில் கிடைத்த சதவீதத்தை அந்த நாட்டாரின் அற மதிப்பெண் போலப் படிக்கக்கூடாது.

குழந்தைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று இதைவிடக் கூர்மையானது. 2015-ல் பீட்டர் பிளேக்கும் சகாக்களும் கனடா, அமெரிக்கா, மெக்சிகோ, பெரு, செனகல், உகாண்டா, இந்தியா ஆகிய ஏழு நாடுகளில் 4 முதல் 15 வயது வரையான 866 ஜோடிப் பிள்ளைகளிடம் தின்பண்டப் பங்கீட்டை வைத்துப் பார்த்தார்கள். எதிரே இருப்பவருக்கு அதிகம், தனக்குக் குறைவு என்றால், இருவருக்கும் வேண்டாம் என்று தட்டிவிடுவது ஏழு நாட்டிலும் இருந்தது. வயது ஏற ஏறக் கூடியது. தனக்கு அதிகம், எதிரே இருப்பவருக்குக் குறைவு என்றபோது மறுப்பது கனடா, அமெரிக்கா, உகாண்டா ஆகிய மூன்றில் மட்டுமே, அதுவும் வளர்ந்த பிள்ளைகளிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. எனக்குக் குறைந்துவிட்டது என்ற கோபம் எங்கும் உண்டு. எனக்குக் கூடிவிட்டது என்ற கூச்சம் எங்கும் இல்லை. நியாய உணர்வு எல்லோருக்கும் பொது என்று சொல்பவர்கள் இந்த இரண்டில் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

இனி, பிறவியா வளர்ப்பா. பிறவிக்கூறு என்றால் பிறந்த அன்றே இருக்க வேண்டும் என்பதில்லை. பல் பிறக்கும்போது வாயில் இல்லைதானே. ஆனாலும் கைக்குழந்தைகளிடம் அறத்தின் முளையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற செய்திதான் மக்களை அதிகம் கவர்ந்தது. 2007-ல் கைலி ஹாம்லின், கேரன் வின், பால் புளூம் மூவரும், மேட்டில் ஏறத் திணறும் ஓர் உருவத்துக்கு ஒன்று உதவுவதையும் மற்றொன்று கீழே தள்ளுவதையும் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். பின்னர் இரண்டையும் முன்னே நீட்டியபோது, பத்து மாதக் குழந்தைகள் 16 பேரில் 14 பேரும், ஆறு மாதக் குழந்தைகள் 12 பேரில் 12 பேரும் உதவியதை எடுத்தார்கள். எண்ணிக்கையைக் கவனியுங்கள்: மொத்தம் 28 குழந்தைகள். இதையே ஐந்து கண்டங்களில் 37 ஆய்வுக்கூடங்கள் கூட்டாகத் திரும்பச் செய்து 2024-ல் வெளியிட்டன. ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் வந்து, கணக்கில் கொள்ளத்தக்கவர்களாகத் தேறிய 567 பேரில் உதவியதை எடுத்தவர்கள் 49.34 சதவீதம். பூவா தலையா போட்டது போலத்தான். இதனால் குழந்தைக்கு அற உணர்வே இல்லை என்று நிரூபணம் ஆகிவிடவில்லை. அந்தக் குறிப்பிட்ட சோதனையை நம்பி எதையும் கட்டக்கூடாது என்பது மட்டும் உறுதி. பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை கிடைப்பதைக் கண்டு, தனக்குத் தந்த வெள்ளரிக்காய்த் துண்டை வீசியெறியும் கபுச்சின் குரங்கின் காணொளியும் (2003-ல் வெளியான ஆய்வு) இதே நிலையில்தான் இருக்கிறது. பிற்காலத்தில் விலங்குகளிடம் செய்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நியாய உணர்வால்தான் அப்படிச் செய்கின்றன என்பதற்கு ஆதரவு கிடைக்கவில்லை.

இதைவிட நிலையான சான்று மூளைக் காயங்களிலிருந்து வருகிறது. நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் பகுதி பெரியவரான பிறகு சேதமடைந்தால், நடத்தை கெட்டாலும் எது சரி எது தவறு என்று கேட்டால் சொல்லத் தெரிகிறது. ஒருவருக்கு 15-ஆம் மாதத்திலும் மற்றவருக்கு 3-ஆம் மாதத்திலும் அதே பகுதி சேதமான இருவரைப் பற்றி 1999-ல் ஓர் ஆய்வு வந்தது. அறிவுத்திறன் சாதாரணம், வளர்ந்தது நல்ல குடும்பங்களில். ஆனாலும் அற விதிகளை அவர்கள் கற்கவே இல்லை. இருவரை வைத்துப் பெரிய கோட்டை கட்ட முடியாதுதான். என்றாலும், கற்பதற்கான அமைப்பு உடலில் இருக்கிறது, கற்கும் பொருள் வெளியிலிருந்து வருகிறது என்ற படத்தோடு இது நன்றாக ஒத்துப்போகிறது.

இந்தியாவிலேயே நடந்த ஓர் ஆய்வு, வேறுபாடு எவ்வளவு ஆழம் போகும் என்பதைக் காட்டும். ரிச்சர்ட் ஷ்வெடர், மனமோகன் மகாபத்ரா, ஜோன் மில்லர் மூவரும் 1987-ல் வெளியிட்டது. ஒடிசாவின் புவனேசுவரத்திலும் சிகாகோவின் ஹைட் பார்க் பகுதியிலும் 39 நிகழ்வுகளைச் சொல்லி, இது தவறா, எவ்வளவு பெரிய தவறு என்று கேட்டார்கள். வாக்குத் தவறுவது, ஒன்றும் செய்யாத விலங்கை உதைப்பது போன்றவற்றில் இரு ஊரும் ஒரே பக்கம். ஆனால் ஒடியாப் பிள்ளைகள் மிகக் கடுமையான தவறு என்று சொன்னது எதைத் தெரியுமா? தந்தை இறந்த மறுநாள் மூத்த மகன் முடிவெட்டிக்கொண்டு கோழி தின்றது. கைம்பெண் மீன் உண்பதும் அங்கே பெருந்தவறு. சொல்லாமல் சினிமாவுக்குப் போன மனைவியைக் கணவன் அடிப்பது, அங்கே பலருக்குத் தவறாகவே படவில்லை.

உளவியலாளர் எலியட் டூரியல் போன்றவர்கள் இதற்கு ஒரு நல்ல மறுப்பு சொன்னார்கள். கைம்பெண் மீன் உண்டால் இறந்த கணவனின் ஆவிக்குத் தீங்கு என்று நம்புபவர், தீங்கு செய்யாதே என்ற அதே விதியைத்தான் பின்பற்றுகிறார்; வேறுபடுவது உலகைப் பற்றிய நம்பிக்கை. மீனுக்கும் கோழிக்கும் இந்த விளக்கம் சரியாகப் பொருந்துகிறது என்றே நினைக்கிறேன். மனைவியை அடிப்பதற்குப் பொருந்தவில்லை. அடிபட்டால் வலிக்கும் என்பது புவனேசுவரத்திலும் தெரியும். அங்கே வேறுபடுவது வீட்டில் யாருக்கு அதிகாரம், அதிகாரமும் தீங்கும் மோதினால் எது முந்தும் என்ற வரிசை. நம்பிக்கை வேறுபாடு என்று எல்லாவற்றையும் கரைத்துவிட முடியாது.

நோக்கம் முக்கியம் என்பதாவது பொதுவா? தெரியாமல் செய்தவனை மன்னிப்பது எல்லா மக்களின் இயல்பு என்று சட்டக் கல்லூரியில் சொல்வார்கள். கிளார்க் பாரெட்டும் சகாக்களும் பத்துச் சமூகங்களில் சோதித்து 2016-ல் வெளியிட்டபடி, நோக்கத்துக்குத் தரும் எடை மிகவும் மாறுகிறது. ஃபிஜியின் யசாவா தீவில் மிகக் குறைவு. பிறர் மனத்தில் என்ன இருந்தது என்று ஊகிப்பதே முறையல்ல என்று கருதும் பகுதி அது. இன்னொரு பக்கம், கட்டுப்பாடிழந்து ஓடிவரும் வண்டியிடமிருந்து ஐவரைக் காக்க ஒருவரைப் பலியிடலாமா என்ற தண்டவாளப் புதிரை 42 நாடுகளில் 70,000 பேரிடம் கேட்டபோது (2020), கைப்பிடியைத் திருப்பி வண்டியை ஒருவர் மட்டும் இருக்கும் வேறு தடத்துக்கு விடுவது எல்லா நாட்டிலும் அதிக ஏற்பைப் பெற்றது. வண்டியை நிறுத்த ஓர் ஆளைப் பாலத்திலிருந்து தள்ளிவிடுவது எல்லா நாட்டிலும் குறைவாகவே ஏற்கப்பட்டது. எவ்வளவு பேர் ஏற்றார்கள் என்பது மட்டும் நாட்டுக்கு நாடு வேறு.

இதுவரை சொன்னவற்றில் பல, வாயால் சொல்லும் தீர்ப்பு. நடத்தை வேறு. அதிகாரி சொன்னதற்காக முன்பின் தெரியாதவருக்கு 450 வோல்ட் வரை மின்சாரம் செலுத்துவதாக நம்பிக்கொண்டே சுவிட்சை அழுத்தினார்கள், ஸ்டான்லி மில்கிராம் 1963-ல் வெளியிட்ட சோதனையில் 40 பேரில் 26 பேர். அவர்களில் பலர் வியர்த்துக்கொட்டி, வேண்டாம் என்று வாதாடிக்கொண்டே அதைச் செய்தார்கள். தவறு என்று தெரிந்திருந்தது, அது போதவில்லை. மறுபக்கம், 40 நாடுகளின் 355 நகரங்களில் 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்களை வங்கி, ஓட்டல், தபால் நிலையம் போன்ற இடங்களின் வரவேற்பு மேசையில் "கீழே கிடந்தது" என்று கொடுத்துவிட்டு வந்த ஆய்வு (2019) நம்பிக்கை தருகிறது. உள்ளே பணம் இருந்த பர்ஸ்தான், பணமில்லாததைவிட அதிகமாக உரியவருக்குத் தெரிவிக்கப்பட்டது. 38 நாடுகளில் இந்தத் திசை மாறவில்லை. அளவோ, சுவிட்சர்லாந்துக்கும் சீனாவுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அதிலும் ஒரு கோளாறு உண்டு. மின்னஞ்சல் அனுப்பினார்களா என்பதை மட்டுமே அளந்தார்கள். சீனாவில் மறுபடி செய்தபோது, மின்னஞ்சல் அனுப்பாவிட்டாலும் பர்ஸைப் பத்திரமாக எடுத்துவைத்திருந்தவர்களே பெரும்பான்மை.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். உள்ளது என்பதிலிருந்து வேண்டியது என்பதற்குத் தாவ முடியாது என்று தத்துவஞானி டேவிட் ஹியூம் சுட்டியது 1740-ல். இதை நடைமுறையில் புரிந்துகொள்ள ஒன்று போதும்: தன் கூட்டத்துக்குச் சலுகை, வெளியாள் மீது சந்தேகம் என்பதும் எல்லாச் சமூகத்திலும் காணப்படுகிறது. பொதுவாக இருப்பதே சட்டமாவதற்குத் தகுதி என்றால், அதற்கும் அந்தத் தகுதி வந்துவிடும். ஆகவே இயல்பில் இருப்பவற்றிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்பதை இயல்பே சொல்லாது. வேறு காரணம் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இந்தியாவில் இதற்கு அழுத்தமான சான்று மனுஸ்மிருதிக்குள்ளேயே இருக்கிறது. கொல்லாமை, வாய்மை, திருடாமை, தூய்மை, புலனடக்கம் ஐந்தும் நான்கு வருணத்துக்கும் பொது அறம் என்கிறது பத்தாம் இயலின் 63-ஆம் சுலோகம். எட்டாம் இயலில் வசைமொழிக்கான தண்டனையைப் பாருங்கள். பிராமணரை வைத சத்திரியருக்கு 100 பணம் அபராதம், வைசியருக்கு 150 அல்லது 200, சூத்திரருக்கு உடல் தண்டனை. அதே வசையைப் பிராமணர் சொன்னால், சத்திரியரை என்றால் 50, வைசியரை என்றால் 25, சூத்திரரை என்றால் 12. பொது அறம் என்ற எண்ணமும் பாகுபாடும் ஒரே நூலுக்குள் எந்த உறுத்தலும் இல்லாமல் குடியிருக்கின்றன. அம்பேத்கர் 1936-ல் வெளியிட்ட சாதி ஒழிப்பு உரையில் விதி வேறு, கொள்கை வேறு என்று பிரித்தார். விதி இதைச் செய் என்று கட்டளையிடும். கொள்கை, செய்வதை எடைபோட ஓர் அளவுகோல் தரும், பொறுப்பைச் செய்பவரிடமே விடும். பொது அறம் சாத்தியம் என்றால் அது கொள்கை அளவில்தான் சாத்தியம் என்று நான் நினைப்பதற்கு இந்தப் பாகுபாடு பெரிய காரணம்.

"தன்னுயிர்க் கின்னாமை தானறிவான் என்கொலோ மன்னுயிர்க் கின்னா செயல்" என்ற குறளின் வலுவும் இதில்தான் இருக்கிறது. அது இயற்கையின் கட்டளை என்று சொல்லவில்லை, தெய்வ ஆணை என்றும் சொல்லவில்லை. உனக்கு வலிக்கும் என்று தெரிந்த நீ, பிறருக்கு அதைச் செய்ய என்ன காரணம் வைத்திருக்கிறாய் என்று கேட்கிறது. காரணம் கேட்கவும் சொல்லவும் தெரிந்த எந்தச் சமூகத்திலும் இந்தக் கேள்வியை எழுப்பலாம். அதே சமயம், வலி இல்லாத அநியாயங்களை (ஏமாற்று, அவமதிப்பு, வாய்ப்பு மறுப்பு) இது தனியாகத் தீர்த்துவிடாது. வரிசைப் பிரச்சினை அப்படியே நிற்கும்.

இது எல்லா மனிதருக்கும் பொது என்றோ, அது அவர்கள் பண்பாடு என்றோ யாராவது சொன்னால் சோதிக்கும் முறை இது. முதலில் விதியை முழுதாக எழுதுங்கள்: யார், யாருக்கு, எந்த நிலையில். திருடாதே என்றால் உலகமே ஒப்பும். அந்நியரிடமும், பசித்தபோதும், பகைவரிடமும் என்று சேர்க்கச் சேர்க்க ஒப்புதல் சுருங்குவதைக் காண்பீர்கள். அடுத்து, அடியில் கிடக்கும் நம்பிக்கையை எடுத்துவிட்டுப் பாருங்கள்; ஆவி இல்லை என்று ஏற்றுக்கொண்ட பின்னும் தீர்ப்பு நின்றால் அது உண்மையான அற வேறுபாடு. பிறகு, அந்தச் சமூகத்தில் யாரைக் கேட்டார்கள் என்று பாருங்கள். அடித்தவரையா, அடிபட்டவரையா? ஒரு சமூகத்தின் கருத்து என்று பதிவாவது பல நேரம் அங்கே பேச இடம் கிடைத்தவர்களின் கருத்து. அறத்தை அந்தந்தப் பண்பாட்டின் அளவுகோலால் மட்டுமே எடைபோட வேண்டும் என்னும் பண்பாட்டுச் சார்புவாதம் பெரும்பாலும் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

இந்தச் சிக்கல் அனைத்தும் ஒருமுறை வாக்கெடுப்புக்கே வந்தது. உலக மனித உரிமைப் பிரகடனம் எழுதப்பட்டபோது, அமெரிக்க மானிடவியல் சங்கம் 1947-ல் எதிர்ப்புக் குறிப்பு அனுப்பியது: எந்தப் பண்பாட்டின் மதிப்பீட்டை உலகுக்குப் பொதுவாக்கப் போகிறீர்கள்? வரைவில் ஆண்களைக் குறிப்பதாகப் படிக்கக்கூடிய சொற்றொடரை மாற்றி மனிதர் அனைவரும் என்று ஆக்கியதில் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தாவுக்குப் பெரும்பங்கு உண்டு. அந்நாளில் யுனெஸ்கோ பல மரபுகளின் சிந்தனையாளர்களிடம் கருத்துக் கேட்டது. உரிமைகளில் எங்களுக்குள் உடன்பாடுதான், ஏன் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது என்ற பொருளில் பிரெஞ்சுத் தத்துவஞானி ழாக் மாரித்தேன் அந்த அனுபவத்தைச் சொன்னார். 1948 டிசம்பர் 10 அன்று 48 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்து ஒன்றும் வாக்களிக்கவில்லை, 8 நாடுகள் ஒதுங்கின. சவூதி அரேபியாவுக்குத் திருமண உரிமையிலும் மதம் மாறும் உரிமையிலும் சிக்கல். சோவியத் அணிக்குத் தனிமனித உரிமையா, அரசும் சமூகமுமா என்ற முன்னுரிமையில் சிக்கல். தென்னாப்பிரிக்காவில் அதே ஆண்டு மே மாதம்தான் நிறவெறிக் கொள்கையை முன்வைத்த கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. அனைவரும் என்ற சொல்லை அப்படியே ஏற்க அந்நாட்டால் முடியவில்லை.